கமாவில் நிற்காத வில்

தாம்பரம் தாண்டாமலே இரண்டு சங்கீதமும் கற்றுக்கொள்ளலாம். சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் பக்கம் அபார்ட்மெண்ட் கேட்டில் ஒரே பலகையில் ‘கர்நாடக வயலின்’, ‘டிரினிட்டி கிரேடு’ இரண்டும் தொங்கும். அக்கா பையன் ஆறாவது படிக்கிறான். வாரம் இரண்டு நாள் ஒரு மாமியிடம் கர்நாடக வயலின், வெள்ளிக்கிழமை பள்ளியில் ஸ்ட்ரிங்ஸ் வகுப்பு. போன மாதம் பள்ளி டைரியில் குறிப்பு வந்தது: ரிதம் சென்ஸ் இல்லை, ரெஸ்ட்டில் நிறுத்தத் தெரியவில்லை, கீபோர்டுக்கு மாற்றலாம். பையன் இரண்டு நாள் பெட்டியைத் திறக்கவில்லை.

எனக்கு வயலின் வராது, வாசிக்கத் தெரிந்தது புத்தகம் மட்டும்தான். அவனுடைய இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

மாமியின் நோட்டில் ‘ஸ’ என்றால் ஓர் அளவு, ‘ஸா’ இரண்டு. கமா இன்னும் ஓர் அளவு, செமிகோலன் இரண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தமிழ்ப் பாடத்தில் படிக்கும் பிள்ளைக்கு இதில் புதிதாக எதுவுமில்லை. கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் என்று தொல்காப்பியம் சொன்ன கணக்குதான். காலம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது, வாயால் சொன்னாலே வந்துவிடும். பள்ளி நோட்டிலோ தலை வெள்ளையா கறுப்பா, காம்பு உண்டா, காம்பில் வால் உண்டா என்று பார்த்துத்தான் நீளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசிக்கும்போது தாளம் மாறாது, எழுதியதும் மாறாது, கைதான் இரட்டிப்பாகும். அதையே ஐந்து கோட்டில் எழுதினால் கிராச்செட், குவேவர், செமிகுவேவர் என்று மூன்று வெவ்வேறு படங்கள். மூன்றும் ஒரே வரிதான் என்று யாராவது சொல்லாவிட்டால் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

சிக்கல் கமாவில் இருந்தது. கர்நாடக நோட்டில் கமா கார்வை. முந்தைய ஸ்வரம் நீள்கிறது, வில் நகர்ந்துகொண்டே இருக்கும். ரெஸ்ட் என்பது மௌனம். ஸ்வரத்துக்குப் பின்னால் சின்னக் குறி வந்தால் இழுக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் பழகிய கண் ரெஸ்ட்டையும் அப்படியே படித்திருக்கிறது. வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மௌனத்தில் இழுத்தான், சரி. ஆனால் அடுத்த நோட்டில் மயிரிழை பிசகாமல் வந்து விழுந்தான். தாளம் இல்லாதவனுக்கு அது முடியாது. அந்த டைரிக் குறிப்பை எழுதியவர் பையனைக் கேட்டாரே தவிர, அவன் எந்த மொழியிலிருந்து வருகிறான் என்று கேட்கவில்லை.

மாமியின் நோட்டை அதற்காகக் கும்பிடவும் முடியாது. அதில் வில் ஏற்றா இறக்கா என்று குறியே இல்லை, கமகமும் இல்லை. மாமி வாசிப்பார், அவன் திருப்பி வாசிப்பான், நோட்டு ஞாபகத்துக்கு மட்டும். இருபது பிள்ளைகள் ஒன்றாக வில்லை ஏற்றி இறக்க அது போதாது. ஐந்து கோடு வேண்டும்தான், எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் எனக்குத் தகராறு.

இது பழைய தகராறு. சின்னசாமி முதலியார் 1893ல் நம் கிருதிகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டார். எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் 1904ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைக் கொண்டுவந்தபோது கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் வைத்தார். முன்னது வெளியாளுக்கு, பின்னது ஏற்கெனவே தெரிந்தவருக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆரம்பப் பிள்ளை இரண்டிலும் இல்லை.

அந்தப் பிள்ளைக்கான பாட்டு அதற்கு முன்பே இருந்தது. முத்துஸ்வாமி தீட்சிதர் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு கேட்டார்கள். தம்பி பாலுஸ்வாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் வரி எழுதினார், நோட்டுஸ்வரம் என்று பெயர். ‘காட் சேவ் த கிங்’ மெட்டுகூட அதில் உண்டு. எல்லாம் சங்கராபரணம், கமகம் ஏறக்குறைய கிடையாது. அதனால் ‘ஸரிகம’விலும் ஐந்து கோட்டிலும் சேதாரமில்லாமல் உட்கார்கிறது. கச்சேரியில் இவற்றைக் குழந்தைச் சமாச்சாரம் என்று ஓரம்கட்டுகிறார்கள். எனக்கோ அதுதான் அவற்றின் பெருமை. சரளி வரிசை முடித்த கையோடு ஸ்ட்ரிங்ஸ் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

‘சக்தி சஹித கணபதிம்’ பாட்டை மேலே மாமி எழுத்திலும் கீழே ஐந்து கோட்டிலும் அவனையே எழுதச் சொன்னேன். ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. இழுக்கிற இடத்துக்கு மேல் வரியில் கமா, கீழே வெள்ளைத் தலை. அப்புறம் பள்ளிப் பாடத்தை எடுத்து, அதிலிருந்த ஒவ்வொரு ரெஸ்ட்டின் தலையிலும் பென்சிலால் புள்ளி வைத்தான். எதுக்குடா என்றேன்.

“மெய்யெழுத்து மாதிரி மாமா. புள்ளி வெச்சா வாய மூடணும்ல?”

வெள்ளிக்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனான். கீபோர்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை.