கண்டத்தின் அடிவேரும் வைரக் குழாய்களும்

மகாராஷ்டிரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை படிக்கட்டு போல அடுக்கடுக்காக ஏறுகிறது. ஒவ்வொரு அடுக்கும் என்றோ ஓடி உறைந்த லாவா. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய இந்தத் தக்காணப் பசால்ட், இத்தனை அரிப்புக்குப் பிறகும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. அதன் விளிம்புக்குக் கிழக்கே, சத்தீஸ்கரின் மெயின்பூரில், கிம்பர்லைட் வகையைச் சேர்ந்த வைரக் குழாய்கள் சில உண்டு. 2010இல் பெர்ன்ட் லேமன் குழுவினர் அவற்றின் வயதைக் கணித்தார்கள். சுமார் 6.5 கோடி ஆண்டுகள் என்று வந்தது. அப்படியென்றால், இரண்டையும் எழுப்பியது ஒரே அனலா?

பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசத்துக்குள் ஆழத்திலிருந்து வெப்பப் பாறை தூண்போல மேலேறுகிறது என்று 1971இல் ஜேசன் மார்கன் முன்வைத்தார். தூணின் பருத்த தலை கண்டத்தின் அடியை முட்டும்போது தக்காணம் போன்ற வெள்ளப் பசால்ட் பிறக்கிறது. ஒல்லியான வால் பின்னர் தீவுத்தொடரை வரைகிறது என்று 1989இல் ரிச்சர்ட்ஸ், டங்கன், கூர்த்தியோ மூவரும் விளக்கினர். தக்காணத்தின் வால் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் வழியாக ரீயூனியனில் முடிகிறது. அங்குள்ள எரிமலை இன்றும் பொங்குகிறது.

கிம்பர்லைட்டின் கதை வேறு. சூடான பாறை உருக, அழுத்தம் குறைய வேண்டும். கண்டத்தின் அடித்தட்டு மெலிந்த இடத்தில் அனல் மேலே வர முடிகிறது. பாறை பெருமளவு உருகி வெள்ளமாகிறது. பழங்கண்டங்களின் தடித்த அடிவேருக்குக் கீழே அது சாத்தியமில்லை. சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே, கரியமில வாயுவும் நீரும் செறிந்த சொற்பக் குழம்பு மட்டும் கசிகிறது. அதுதான் வழியிலுள்ள பழைய வைரங்களைப் பெயர்த்துக்கொண்டு விரைந்து மேலே பாய்கிறது.

கடந்த 32 கோடி ஆண்டுகளின் கிம்பர்லைட்டுகளில் பெரும்பாலானவை, கவசத்தின் அடித்தளத்திலுள்ள இரு பெரும் திரள்களின் விளிம்புகளுக்கு நேர்மேலே வெடித்தவை என்று 2010இல் டார்ஸ்விக் குழு காட்டியது. அனல் தூண்கள் புறப்படும் இடமும் அதே விளிம்புதான் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் காலக்கணக்கு எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. தென்னாப்பிரிக்காவில் கரூ பசால்ட் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. கிம்பர்லைட்டுக்குப் பெயர் தந்த கிம்பர்லியின் குழாய்களோ சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. கண்டம் பிளந்து ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் கழித்தே கிம்பர்லைட்டுகள் உச்சம் பெறுகின்றன, பிளவின் தாக்கம் அடிவேரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குலைப்பதே காரணம் என்று 2023இல் தாமஸ் கெர்னன் குழு எழுதியது. இதில் அனல் தூணுக்கு முதன்மை இடமில்லை.

இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிகிறது: அனல் எங்கிருந்து வந்தாலும், அது வெள்ளமாகுமா குழாயாகுமா என்பதைக் கண்டத்தின் அடிவேரே தீர்மானிக்கிறது. எனவே வைரம் ஓர் அளவுகோலும்கூட. மெயின்பூரில் வைரம் இருப்பதால், 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அடிவேர் ஆழமாக இருந்திருக்க வேண்டும். இன்று இந்தியத் தட்டின் தடிமன் சுமார் 100 கிலோமீட்டர்தான் என்கின்றன சில நிலநடுக்க அலை ஆய்வுகள், மற்றவர்கள் மறுக்கிறார்கள். அந்த அலை ஆய்வுகள் சரியென்றால், தக்காணத்தை எரித்த அனல் மேலே லாவாவைக் கொட்டியதோடு, கீழே கண்டத்தின் வேரையும் கரைத்திருக்கக்கூடும்.