சம்மதம் கேட்கும் வினா: ‘சஞ்சாரம்’ திரைப்படம் பற்றி ஒரு திறனாய்வு

பள்ளிப் பருவத்தில் இரு பெண்களிடையே முகிழ்க்கும் காதலைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்புகள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றுள் திருச்சபை ஊழியர் கருத்தூன்றிக் காணத்தக்கது, லிஜி ஜே. புல்லப்பள்ளி இயக்கி 2004-இல் வெளிவந்த ‘சஞ்சாரம்’ என்னும் மலையாளத் திரைப்படமாகும். மாஹேயையும் தன் அங்கமாகக் கொண்ட புதுவைக்கு மலையாளம் அயல்மொழியன்று. அதனினும் முக்கியமாக, இக்கதை கோவிலின் வாசல்வரை வருகின்றது. ஆகவே அது நம்மையும் வினவுகின்றது.

கிரண் இந்துக் குடும்பத்தவள். தெலீலா கத்தோலிக்கப் பெண். கேரளச் சிற்றூர் ஒன்றில் இருவரும் இளமை முதல் தோழியர். தெலீலாவை விரும்பும் ராஜன் என்னும் மாணவன், தனக்காகக் காதற் கடிதங்கள் எழுதித் தருமாறு கிரணை வேண்டுகிறான். அவன் பெயரால் அவள் தன் உள்ளத்தையே எழுதுகிறாள். பிரெஞ்சு இலக்கியம் பயின்ற புதுவை வாசகருக்கு, எத்மோன் ரொஸ்தான் எழுதி 1897-இல் மேடையேறிய ‘சிரானோ’ நாடகம் நினைவுக்கு வரும். சிரானோ தன் முகத்திற்கு நாணி மறைந்து எழுதினான். கிரணோ தன் அன்பிற்கு ஊரார் வழக்கில் பெயரே இல்லாமையால் மறைந்து எழுதுகிறாள். உண்மை வெளிப்பட்டதும் தெலீலாவுக்கு விரைந்து திருமணம் உறுதிசெய்யப்படுகின்றது.

இதற்கு 18 ஆண்டுகட்கு முன், 1986-இல், பத்மராஜன் ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ என்னும் படத்தைத் தந்தார். பள்ளிச் சுற்றுலாவிலிருந்து தப்பியோடும் நிம்மி, சாலி என்னும் இரு மாணவியரின் கதை அது. அவர்களுடைய பிணைப்பை அப்படம் காதலென்று பெயரிட்டுச் சொல்வதில்லை. இருவரும் இறுதியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றனர். கலைநுட்பத்தில் பத்மராஜனின் படைப்பே மேலானது என்போம். ‘சஞ்சாரம்’ பசுமையான காட்சிகளில் மிகுதியாக மனம் தோய்கின்றது. தெலீலா என்னும் விசுவாசியின் மனச்சான்றினுள் நிகழும் போராட்டத்தைப் போதிய ஆழத்துடன் காட்டவில்லை. எனினும் முன்னைய படம் செய்யாத ஒன்றை இது செய்கின்றது. அருவியின் விளிம்புவரை சென்ற கிரண், சாவைத் தேராது திரும்புகிறாள். தன் கூந்தலைத் தானே கத்தரிக்கிறாள். நியாயாதிபதிகள் 16-ஆம் அதிகாரத்தில் தெலீலாளின் மடியில் முடியிழந்தவன் வலிமையிழந்தான். இங்கே முடி களைந்தவள் வாழும் வலிமை பெறுகிறாள்.

இவையெல்லாம் மேனாட்டிலிருந்து வந்த கேடு என்று கூறுவோர் உண்டு. அவர்கள் புதுவையின் சட்ட வரலாற்றை நோக்குவாராக. இத்தகைய உறவுகளுக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்ட 377-ஆம் பிரிவு, 1860-இல் ஆங்கில ஆட்சி இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தைச் சேர்ந்தது. அச்சட்டம் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுவைக்கு 1963 அக்டோபர் முதல் நாளில்தான் வந்தது. வயதுவந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொன்றுதொட்ட நெறியென நாம் எண்ணியது இந்நகரில் 55 ஆண்டுகூட நிறைவாக நிற்கவில்லை.

இவ்வுறவைத் திருச்சபை எங்ஙனம் மதிப்பிடல் வேண்டும் என்பதில் நம் வாசகரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை இச்சிறு கட்டுரை தீர்த்துவிடாது. ஆயினும் எக்கருத்தினரும் ஒப்பவேண்டிய ஒன்றுண்டு: திருமணம் மருந்தன்று. கோவிலில் குருவானவர் மணமக்களிடம் சம்மதம் கேட்பது வெறும் சடங்கன்று. அவ்வினா இன்றேல் திருமணமே இல்லை. அச்சத்தால் வந்த ‘ஆம்’ என்னும் விடை கடவுள் முன்னிலையில் கூறப்படும் பொய்யாகும். அது பெண்ணுக்கு இழைக்கும் கொடுமை மட்டுமன்று. ஏதுமறியாது அருகில் நிற்கும் மணமகனுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு இளம்பெண்களின் வழக்கைச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தீர்ப்புக் கூறுமுன் அவர் உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கற்றார். பின்னர், ஜூன் 7 அன்று, இத்தகையோரை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதைத் தடைசெய்தார். நீதியாசனத்தில் இருப்பவர் மாணவராக அமர இசைந்தாரெனில், மந்தையை மேய்ப்பவர் இசையலாகாதோ?

ஆகவே நம் போதகர்களுக்கு ஒன்று கூறுவோம். திருமண ஓலை வாசிக்குமுன், பெற்றோரை வெளியே இருக்கச் செய்து, பெண்ணிடம் தனியே பேசுங்கள். ‘உனக்கு இது விருப்பமா?’ என்று வினவி, அவள் விடைக்குக் காத்திருங்கள். அவள் ‘இல்லை’ என்றால் அச்சொல்லைக் காத்து நிற்பது உங்கள் பொறுப்பு. தெலீலாவிடம் அவ்வாறு கேட்பார் ஒருவரும் இலர்.