இளவரசி கேட்ட ஏழு சீர்கள்

மலாக்கா சுல்தான் மஹ்மூத் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். குனோங் லேடாங் மலை இளவரசி பதிலுக்குப் பட்டியல் போட்டாள்: தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டுக் கொசு இதயம், ஏழு தட்டுக் கிருமி இதயம், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு, ஒரு தாழிக் கண்ணீர், கடைசியாகச் சுல்தானின் மகனுடைய ரத்தம். ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று ஏட்டின் வழி வந்த இந்தக் கதையில் அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதற்கு விளக்கமே இல்லை.

2004இல் சா தியோங் ஹின் இயக்கிய ‘புத்ரி குனோங் லேடாங்’ படம் அந்த இடத்தில் காதலை வைத்தது. தியாரா ஜக்குலினாவின் இளவரசி மஜாபாஹிட்டை விட்டுக் கடல் கடந்து வருகிறாள், எம். நாசிர் நடித்த மலாக்கா வீரன் ஹங் துவாவைத் தேடி. ஆஸ்காருக்கு மலேசியா அனுப்பிய முதல் படம் இது. 2006இல் இஸ்தானா புடாயாவில் இசை நாடகமாகவும் மேடையேறியது.

பழங்கதைகள் நடந்ததைச் சொல்லும்; பெண்ணின் மனத்துக்குள் போகாது. அந்த வெற்றிடம்தான் மறுகூறல் எழுதுகிறவர்களின் முதலீடு. வில்னவ் அம்மையார் 1740இல் எழுதிய அழகியும் விலங்கும் கதையை ராபின் மெக்கின்லி 1978இல் நாவலாக்கினார். 2015இல் சாரா ஜே. மாஸ் அதன்மேல் ஒரு நாவல் வரிசையையே தொடங்கினார். மலேசியாவிலும் விளைச்சல் உண்டு. யாங்ஸி சூவின் ‘தி கோஸ்ட் பிரைட்’ (2013) 1893ஆம் ஆண்டு மலாக்காவில் செத்துப்போன மாப்பிள்ளைக்குக் கேட்கப்படும் பெண்ணின் கதை. 2020இல் நெட்பிளிக்ஸ் தொடரானது. மலேசியாவில் பிறந்த சூ லின் டான் 2022இல், சீனர்களின் நிலாத் தேவதை சாங்கேக்கு ஒரு மகளைப் படைத்து, அவளை வானுலக இளவரசனோடு பழகவிட்டார்.

தமிழ் வாசகிக்கு இந்த ஆவல் சட்டென்று புரியும். மதுரையை ஆண்ட அல்லி ஆண்களை அண்டவிடாதவள். அர்ச்சுனன் பாம்பாக மாறி உள்ளே புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்ததும் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? அதைக் கேட்காமல் ‘அல்லி அரசாணி மாலை’யை இன்று படிக்க முடியாது.

ஆனால் காதலைச் சேர்ப்பதில் ஒரு நட்டமும் இருக்கிறது. ஏட்டில் மலை இளவரசியின் மறுப்புக்கு எந்த ஆணும் காரணம் இல்லை. படத்தில் அவள் மறுப்பது இன்னொருவனுக்காக. மனம் கிடைத்தது, பிடிவாதம் குறைந்தது.

எல்லாக் கதையும் இந்த வேலைக்கு இணங்குவதில்லை. கிள்ளானுக்குத் தெற்கே, செம்பனை சூழ்ந்த கேரி தீவில் மா மெரி பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். முன்னோர் ஆவிகளின் உருவங்களை மரத்தில் செதுக்குகிறார்கள், முகமூடி அணிந்து ஆடுகிறார்கள். அவர்களிடமும் ஒரு நிலாக் கதை உண்டு. பாதி மனிதன், பாதிப் புலியான மோயாங் மெலூர், மனிதர் நடக்கவேண்டிய நெறிகளை நிலவில் ஒளித்துவைத்திருந்தான். பூமியில் நடக்கும் அட்டூழியத்தை எட்டிப் பார்த்தபோது தவறி விழுந்தான். வேடன் மோயாங் காப்பிர் கயிறு வீசி அவனை மேலே ஏற்றி, தானும் போனான். நெறிகளைத் திருடிக்கொண்டு அதே கயிற்றில் இறங்கித் தப்பினான். காதல் நாவலாசிரியருக்கு இதில் பிடி குறைவு. மெலூருக்கு மனைவி இருக்கிறாள்தான், ஆனால் அவளும் வந்த விருந்தாளியைக் கொல்லவே கணவனோடு திட்டம் போடுகிறாள்.