கேமராவில் வெள்ளைப் புள்ளி: வாரண்டி கைகொடுக்குமா?

தோட்டம் மேலே இடுக்கி மலையில், வீடும் குடோனும் கீழே சிலமலையில் என்று இருப்பவர்களுக்குக் கண்காணிப்பு கேமரா ஆடம்பரமில்லை. ஒரு ஏலக்காய் மூட்டை காணாமல் போனால் போகிற பணத்தில் நாலைந்து கேமரா மாட்டிவிடலாம்.

அப்படியொரு குடோன் வாசலில் இருக்கும் 2 மெகாபிக்சல் புல்லட் கேமராவைத்தான் சோதித்தேன். பகலில் படம் அருமை. வண்டி நம்பரும் சாக்கில் எழுதிய மார்க்கும் தெளிவாகத் தெரிகின்றன. இருட்டி, அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் வலது மூலையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். பூச்சியென்றால் பறக்கும். கண்ணாடியைத் துடைத்தும் போகவில்லை.

மாட்டிக்கொடுத்தவர் போனிலேயே முடித்துவிட்டார்: "அண்ணே, அது டெட் பிக்சல். வாரண்டியில வராது."

டெட் பிக்சல் கறுப்பாகவே கிடக்கும். இருட்டில் மின்னுவது ஹாட் பிக்சல். சென்சார் சூடாக ஆக, வெளிச்சமே படாமல் அதற்குள் கசியும் மின்னோட்டம் ஏறுகிறது; ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. மூடிய கூட்டுக்குள் அகச்சிவப்பு விளக்கின் சூடு, வெளியே சித்திரை மாதத்துப் புழுக்கம். இதே கேமராவைப் போடிமெட்டுக் குளிரில் மாட்டினால் புள்ளிகள் மங்கிவிடும்.

குறை எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது. கேமராவைக் கொஞ்சம் திருப்புங்கள். காட்சி நகர்ந்தும் புள்ளி படத்தில் அதே இடத்தில் நின்றால் சென்சாரோ திரையோதான் காரணம். வேறு கேமராவின் படத்திலும் அங்கேயே தெரிந்தால் டிவியைத்தான் பார்க்க வேண்டும். இங்கே சென்சார்தான். செட்டிங்கில் பிக்சல் திருத்தத்தை ஆன் செய்து, ஷட்டரை 1/12இலிருந்து 1/25க்கு மாற்றினேன். இரண்டு புள்ளிகள் மறைந்தன. படம் சற்றே இருண்டது. மிச்சம் ஒன்று. மொத்தம் 20,73,600 பிக்சலில் ஒன்று போனால் திருடன் முகம் மறையாது.

இனி வாரண்டி. இந்த அட்டையில் இடி மின்னல், தண்ணீர், கூட்டைப் பிரித்தது எல்லாம் விலக்கு. பிக்சல் பற்றி ஒரு வரிகூட இல்லை. அட்டையில் இல்லாத விலக்கைக் கடைக்காரர் வாயால் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். பத்து லட்சம் பிக்சலுக்கு எத்தனை குறை வரை பொறுக்கலாம் என்று ஐஎஸ்ஓ தரம் ஒன்று உண்டு. அது திரைகளுக்கானது, கேமரா சென்சாருக்கு அல்ல. 2025 ஏப்ரலில் நம் நாட்டில் கேமராக்களுக்குக் கட்டாயமான சோதனையும் ஹேக்கிங் பாதுகாப்பைப் பற்றியது. படத்தில் விழும் புள்ளியை அது பார்ப்பதில்லை.

கடை மசியவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

இந்தக் கேமராவை நான் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் புள்ளிகள் பெருகினாலோ, படத்தின் குறுக்கே கோடு விழுந்தாலோ விடாதீர்கள். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லும், மாட்டிய முதல் வாரத்து இரவுப் பதிவும் கையில் இருக்கட்டும்.