கருவிக்குப் பின்னிருந்த கண்கள்

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1990 முதல் 1994 வரையிலான ஆண்டுகளில், ஜோகன்னஸ்பர்க்கைச் சூழ்ந்த கறுப்பினக் குடியிருப்புகள் இரத்தத்தில் தோய்ந்தன. அக்கொடுமைகளைப் படம்பிடித்த நால்வரின் வரலாறே ‘பாங்-பாங் கிளப்’ என்னும் ஆங்கில நூல். எஞ்சிய இருவரான கிரெக் மரினோவிச்சும் ஜோவாவ் சில்வாவும் இணைந்து எழுதி 2000இல் வெளியிட்ட இதற்குப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு முன்னுரை வழங்கியுள்ளார். சாகசக் கதை என்று எண்ணிக் கையிலெடுப்போர் ஏமாறுவர். (தலைப்பே அவ்வாறு எண்ணத் தூண்டுகிறது என்பது வேறு செய்தி.)

1990இல் சொவேட்டோவில், உளவாளி என ஐயுறப்பட்ட ஒருவரை ஒரு கும்பல் கத்தியால் குத்தித் தீயிட்டது. கொலையை நிறுத்தினால் தாமும் படமெடுப்பதை நிறுத்துவதாக மரினோவிச் அவர்களிடம் சொல்லிப் பார்த்தார், பயனில்லை. அப்படங்களே அவருக்கு 1991இல் புலிட்சர் பரிசைத் தேடித் தந்தன. பிறர் சாவினால் கிடைத்த புகழை என்ன செய்வது என்னும் தவிப்பு நூல் முழுவதும் அவரைத் தொடர்கிறது.

கெவின் கார்ட்டரின் நிலை இன்னும் கொடியது. 1993இல் சூடானின் அயோட் சிற்றூரில், பசியால் சுருண்ட குழந்தையையும் பின்னால் அமர்ந்திருந்த பிணந்தின்னிக் கழுகையும் அவர் எடுத்த படம் 1994இல் அதே பரிசைப் பெற்றது. குழந்தையைத் தூக்கினீரா என்று உலகம் கேட்டது. அன்று அக்குழந்தை இறக்கவில்லை என்பதை ஒரு ஸ்பானிய நாளிதழ் 2011இல்தான் கண்டறிந்து எழுதிற்று. 1994 ஏப்ரல் 18 அன்று தொக்கோசாவில் நண்பர் கென் ஊஸ்டர்புரூக் சுடப்பட்டு மாண்டார், மரினோவிச் படுகாயமுற்றார். ஜூலை 27 அன்று, 33ஆம் வயதில், கார்ட்டர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஒரு படமே அவரைக் கொன்றது என்பது நாம் நம்ப விரும்பும் கதை. நீதிக்கதை போல் அது கச்சிதமாக இருக்கிறது. நூலாசிரியர்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. போதைப் பழக்கம், கடன், நண்பரின் இழப்பு, ஆண்டுக்கணக்கில் கண்ட பிணங்கள் என அனைத்தையும் மறைக்காமல் வைக்கின்றனர். நூலின் தலையாய நேர்மை இதுவே.

மனநல மருத்துவர் ஆந்தனி ஃபைன்ஸ்டைன் 140 போர்ச் செய்தியாளர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இங்கு நினைவுக்கு வருகிறது. வாழ்நாளில் எப்போதேனும் பேரதிர்ச்சியின் பின்விளைவான மனநோய்க்கு ஆளானோர் நூற்றுக்கு 28 பேருக்கும் மேல். ஆயினும் போர்க்களம் காணாத சக செய்தியாளரைவிட இவர்கள் கூடுதலாக மருத்துவம் நாடியதாகத் தெரியவில்லை. படத்தை வாங்கி அச்சிட்ட ஏடுகளின் பொறுப்பை நூல் இன்னும் கடுமையாக விசாரித்திருக்கலாம்.

மற்றொரு குறையும் உண்டு. நால்வருக்கும் மாலையில் திரும்ப அமைதியான வேறொரு பகுதி இருந்தது. குடியிருப்பு மக்களுக்கு அது இல்லை. சொவேட்டோவின் ஒரு குடும்பம் தன் இழப்பைச் சொல்லும் பக்கங்கள் மனத்தைப் பிழிகின்றன. அவை இன்னும் சில பக்கங்கள் நீண்டிருக்கலாம்.