வாதாபியை மட்டும் நினைவில் வைத்த ஊர்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இப்போது நல்ல கூட்டம். 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்ததிலிருந்து கல்கியைக் கையோடு எடுத்துக்கொண்டு வரலாற்றுச் சுற்றுலா கிளம்புவது மோஸ்தராகிவிட்டது. சோழர் முடிந்து இப்போது பல்லவர் முறை. அப்படி வந்த ஒரு குழுவின் பின்னால் நின்று கேட்டேன். பல்லவ மன்னன் மாமல்லர், அதாவது நரசிம்மவர்மன், சாளுக்கியர் தலைநகரான வாதாபியை எரித்த கதையை வழிகாட்டி இளைஞர் உருக்கமாகச் சொல்லி முடித்ததும் கைதட்டல். ஓர் அம்மாள் முன்மண்டபத்துத் தூணைக் காட்டி, "இது என்ன எழுத்து தம்பி, தமிழ் மாதிரி இல்லையே?" என்றார். "ஏதோ தெலுங்கும்மா, பிற்காலத்துல வெட்டியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

அது பழங்கன்னடம். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், 8ஆம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்த பிறகு வெட்டுவித்தது. எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை அந்தத் தூணில்தான் தொடங்குகிறது.

கல்கியைக் குறை சொல்வது எளிது; அவர் செய்ததை இன்னொருவர் செய்வது எளிதல்ல. 1944இல் தொடர்கதையாகத் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' இல்லாவிட்டால் பல்லவன் மகேந்திரவர்மனும் சாளுக்கியன் புலிகேசியும் செப்பேடு படிப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர்களாகவே நின்றிருப்பார்கள். இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். "நாவல்தானே ஐயா, இதில் போய் வரலாறு கேட்கலாமா?" என்று அவருக்காக வாதாடுவோரும் உண்டு. நாவலிடம் கேட்க வேண்டாம்தான். ஆனால் ஒரு ஊரே தன் கடந்தகாலத்தை நாவலிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது, அந்த ஊரிடம் கேட்கலாம் அல்லவா?

பல்லவர்–சாளுக்கியர் போர் ஒரு தலைமுறைச் சண்டை அல்ல. ஏறத்தாழ 130 ஆண்டுப் பகை. இரண்டாம் புலிகேசி காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூர் வரை வந்தான். அவன் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்துகொண்டான் என்கிறது 634இல் ரவிகீர்த்தி எழுதிய ஐஹொளே கல்வெட்டு. புள்ளலூரில் பகைவரை அழித்தவன் மகேந்திரன்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. 642 வாக்கில் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்து 'வாதாபி கொண்டான்' ஆனான். அடுத்த தலைமுறையில் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். பின்னர் பெருவளநல்லூரில் கந்தையைப் போர்த்திக்கொண்டு தனியே ஓடினான் என்று கூரம் செப்பேடு அவனைக் கேலி செய்கிறது. ஒருவர் கல்லில் மற்றவர் கோழை. அரசவைக் கவிகளின் பிழைப்பு அது. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. பல்லவர் வாதாபியைப் பிடித்தது ஒருமுறை. சாளுக்கியர் காஞ்சிக்குள் வந்தது பலமுறை. இரண்டாம் விக்கிரமாதித்தனை 'காஞ்சியை மும்முறை வென்றவன்' என்றே பட்டதக்கல் கல்வெட்டு புகழ்கிறது.

இந்த நெடுங்கதையில் காஞ்சி வைத்துக்கொண்டது ஒரே ஓர் ஆண்டை. மற்றதெல்லாம் கைநழுவிப் போயிற்று. நம் ஊருக்கு மட்டும் உள்ள நோய் இதுவல்ல. 1337 முதல் 1453 வரை பிரான்சோடு போரிட்ட ஆங்கிலேயர், 1415இன் அஜன்கூர் வெற்றியைத் தலைமுறை தலைமுறையாகப் பாடுவார்கள். 1453இல் காஸ்டிலோனில் தோற்றுப் போரையே இழந்ததைச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. ஆனால் அவர்கள் தோற்ற களம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. நம் தோல்வியோ நம் கோவில் தூணிலேயே எழுதியிருக்கிறது. அதைக் கடந்துதான் கர்ப்பக்கிருகத்துக்குப் போகிறோம்.

மறந்ததைவிடப் பெரிய பிழை, அந்த ஒரே ஆண்டுக்கு நாம் ஏற்றிய அர்த்தம். இரண்டு அரச குடும்பங்களின் பகையைத் தமிழர்–கன்னடர் பகையாக மொழிபெயர்த்தோம். நரசிம்மவர்மன் வாதாபிப் பாறையில் தன் வெற்றியைப் பொறித்தது தமிழில் அல்ல. கிரந்த எழுத்தில், வடமொழியில். புலிகேசியைப் புகழ்ந்த ரவிகீர்த்தி எழுதியதும் வடமொழிதான். மொழிக்காக இருவரும் வாளெடுக்கவில்லை. மொழிவழி மாநிலங்கள் வந்தது 1956இல். அந்த எல்லைக்கோட்டை 642க்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டது நாம். காவிரித் தண்ணீருக்கு வாக்குவாதம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் 'வாதாபியை மறந்துவிட்டார்கள்' என்கிறார். சொல்பவர் கல்கியை ஊன்றிப் படித்தவராகவும் தெரியவில்லை. நாவலில் மாமல்லரின் காதலி சிவகாமியின் சபதம் நிறைவேறுகிறது, வாதாபி எரிகிறது, ஆனால் மாமல்லருக்கு வேறு பெண்ணோடு மணமாகிவிட்டது. சிவகாமி கடைசியில் ஏகாம்பரநாதரையே கணவராக வரிக்கிறாள். பழி தீர்ந்தபின் மிஞ்சும் வெறுமையைக் கல்கி எழுதிவைத்தார். நாம் சபதத்தை எடுத்துக்கொண்டு முடிவை விட்டுவிட்டோம்.

சரி, அந்தத் தூண் என்னதான் சொல்கிறது? காஞ்சியைப் பிடித்த விக்கிரமாதித்தன், இராசசிம்மேச்சுரத்தின், அதாவது இதே கைலாசநாதர் கோவிலின், செல்வத்தைப் பார்வையிட்டு, அதை எடுக்காமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது. அவன் மகன் கீர்த்திவர்மனின் வக்கலேரிச் செப்பேடு பல்லவரை 'இயற்கைப் பகைவர்' என்று சொல்லிக்கொண்டே, அரசன் காஞ்சியை அழிக்காமல் நுழைந்தான், பொற்குவியல்களைக் கோவிலுக்கு அளித்தான் என்று பெருமைப்படுகிறது. வென்றவன் தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான். முழுதாக நம்ப வேண்டாம். ஆனால் கோவில் நிற்கிறது. அதோடு, அவன் அரசி லோகமாதேவி இந்தக் காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டதக்கலில் எழுப்பிய விருபாக்ஷர் கோவிலின் விமானத்தில் கைலாசநாதரின் சாயல் கண்கூடாகத் தெரிகிறது. பகைவர் நம்மிடமிருந்து கொண்டுபோனது நம் கட்டடக் கலையை. எல்லோராவின் கைலாசம் விருபாக்ஷரைப் பார்த்துச் செதுக்கப்பட்டது என்பர். காஞ்சியின் புகழ் தக்காணத்தில் பரவிய வழி இது. நாம் கொண்டாடும் கதையிலோ இதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

கோவிலில் கைதட்டிய குழு அடுத்து பட்டுக் கடைக்குத்தான் போகும். அங்கே தறியில் ஏறுகிற பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருவது. நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு. முந்தானை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றிருந்தாலும் இரண்டையும் பிரியாமல் சேர்க்கும் வித்தை இந்த ஊருக்குத் தெரியும். புடவையில் தெரிந்த கை, கதை சொல்லும்போது மட்டும் எங்கே போகிறதோ!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாதாபிக் கதையைச் சொல்லுங்கள், கைதட்டுங்கள். பிறகு அந்தத் தூணருகே ஐந்து நிமிடம் நின்று, அந்த அம்மாளின் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். வாதாபி வெற்றியைப் பேச நாம் கூடி நிற்கும் மண்டபம், வாதாபிக்காரன் வந்து, பார்த்து, விட்டுவைத்துப் போனது.