சான்று பெற்ற பிழை: ஏரியன் 501 விசாரணை அறிக்கை பற்றிய ஒரு திறனாய்வு

பொறியொன்று பழுதுறுதல் வேறு. அப்பொறியினுள் அமைந்த மென்பொருள் பிழைபடுதல் வேறு. இரும்பு தேயும், கம்பி அறும். மென்பொருளோ தேய்வதுமில்லை, அறுவதுமில்லை. அதன்கண் உள்ள பிழை, ஆக்கப்பட்ட காலத்திலேயே அதனுட் புகுந்ததாகும். இவ்வேறுபாட்டைத் தெளிவுற உணர்த்திய ஆவணங்களுள் 1996ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்த ஏரியன் 501 விசாரணை அறிக்கை குறிப்பிடத்தக்கது. பிரெஞ்சுக் கணித அறிஞர் சாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு அதனை ஆக்கியது.

1996 யூன் 4ஆம் நாள், பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூத் தளத்திலிருந்து முதன்முறையாக எழுந்த ஏரியன் 5 ஏவூர்தி, ஏறத்தாழ 40 செக்கனில், 3,700 மீற்றர் உயரத்திற் சிதறியது. அதன் சடத்துவ வழிகாட்டுக் கருவியிலிருந்த மென்பொருள், கிடைவேகத்தோடு தொடர்புடைய 64 பிற் எண்ணொன்றை 16 பிற் நிறைவெண்ணாக மாற்ற முயன்றது. அத்தகைய நிறைவெண் கொள்ளத்தக்க மிகப்பெரிய மதிப்பு 32,767 ஆகும். அவ்வெல்லை கடக்கப்படவே கருவி செயலிழந்தது. துணைக்கருவியோ அதே மென்பொருளை உடையதாதலின், அதே காரணத்தால் சற்று முன்னரே செயலற்றுப்போயிற்று. பழுதுற்ற கருவி அனுப்பிய பழுதறி செய்தியைப் பறப்புத் தரவென மயங்கிய முதன்மைக் கணினி, உந்துகுழாய்களை முற்றாகத் திருப்பியது.

அறிக்கையின் சிறப்பு யாதெனின், அது தனிமனிதர்மீது பழிசுமத்தாது, பிழையை வளர்த்த சிந்தனை முறையை ஆராய்ந்தமையாம். அம்மென்பொருள் ஏரியன் 4இல் நன்கு பணிபுரிந்தது. ஏரியன் 5இலோ கிடைவேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. எல்லை கடக்கக்கூடிய ஏழு மாறிகளுள் நான்கிற்கே காப்பு அளிக்கப்பட்டிருந்தது. கணினியின் பணிச்சுமை 80 வீதத்தை மிஞ்சலாகாதென்ற கட்டுப்பாட்டால் மூன்று விடப்பட்டன. பிழை விளைத்த செயற்பாடு, ஏவூர்தி எழுந்தபின் ஒரு பயனும் இல்லாதது. கருவி தற்செயலாகப் பழுதுறும் என எண்ணி இரண்டாவதை வைத்தவர்கள், ஒரே பிழையை இருமுறை வைத்தவராயினர். இவ்வுண்மையை நிறுவியமையே அறிக்கையின் நிலைத்த பயன் எனலாம்.

எனினும் அறிக்கையின் அடிப்படைக் கொள்கை ஒன்று ஆராயத்தக்கது. ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகளால் சரியென நிறுவப்படும்வரை மென்பொருளைப் பிழையுடையதாகவே கொள்ளல் வேண்டும் என்பது அது. ‘சரி’ என்பது எதனை நோக்கிச் சரி? எழுதப்பட்ட வேண்டுகையை நோக்கியே அன்றோ? ஏரியன் 5இன் பறப்புப் பாதைத் தரவுகள் அக்கருவிக்கான வேண்டுகையில் இடம்பெறவில்லை என்பதை அறிக்கையே கூறுகின்றது. எனினும் அதன் 14 பரிந்துரைகளும் மீளாய்வையும் சோதனையையுமே மிகுதியும் வற்புறுத்துகின்றன.

பிற்கால நிகழ்ச்சிகள் இக்குறையைப் புலப்படுத்தின. 2018 ஒக்ரோபரிலும் 2019 மார்ச்சிலும் போயிங் 737 மாக்ஸ் வானூர்திகள் இரண்டு வீழ்ந்து 346 பேர் மாண்டனர். ஒரேயொரு தாக்குகோண உணரியின் தவறான அளவீட்டை நம்பி, மென்பொருள் வானூர்தியின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழ்நோக்கித் தாழ்த்தியது. மென்பொருள் வகுத்தவாறே இயங்கிற்று; வகுத்த முறையே பிழையாயிற்று. வானூர்தி மென்பொருளுக்கான டீஓ-178சீ நெறியும், வேண்டுகைக்கேற்ப மென்பொருள் ஆக்கப்பட்டதா என்பதையே முதன்மையாக நோக்குவது. வேண்டுகை தக்கதா என்னும் வினா வேறிடத்தில் எழுப்பப்படல் வேண்டும். அங்கு அது எழுப்பப்படாவிடின், முறைப்படி வழங்கிய சான்றும் உயிர்களைக் காவாது.

ஆதலின் பாதுகாப்பு மென்பொருளின் தனிப்பண்பு அன்று. மென்பொருள், பொறி, சூழல், இயக்கும் மனிதர் ஆகிய நான்கின் இயைபிற் பிறப்பது. எச்சூழலுக்கு, எவ்வெல்லைக்குள் என்று கூறாத சான்று முழுமையுடையதன்று. சூழல் மாறுமிடத்துப் பழைய சான்று காலாவதியாயிற்று என்றே கொள்ளல் வேண்டும். லியோன்ஸ் குழுவினர் இம்முடிபின் வாயில்வரை கற்போரை அழைத்துச் சென்றனர். உட்புகுதல் பின்வந்தோர் கடனாயிற்று.